படியேற முடியாத அதிதி

கொழும்புத் துறைமுகத்திலே கப்பலை விட்டிறங்கும் ஒரு பிரயாணி, ஒரு முற்பகற் பொழுதை நடந்து கழிக்கச் சித்தமாயிருப்பானாகில், வேறு நகரங்களில் பல நாள் அலைந்தும் ஒருங்கே காணக் கிடையாத காட்சியைப் புறக்கோட்டையிலும் அதனை அடுத்த கொச்சிக்கடையிலும் கண்டுவிடலாம். செட்டியார் தெருவிலே, நகைக்கடைகளின் நடுவே, பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் அருகருகே நிற்கின்றன. இரண்டாம் குறுக்குத் தெருவிலே, 1908 ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், செம்மையும் வெண்மையும் மாறி மாறி வரும் வரிசைகளோடு கடலோடிகளுக்குக் கரை காட்டிய பெருமையைத் தாங்கி நிமிர்ந்திருக்கிறது. மேட்டுநிலத்தின் மீது, ஒல்லாந்தர் 1749 இல் தொடங்கி 1757 இல் முடித்த வுல்வெண்டால் தேவாலயம் தடித்த சுவர்களுக்குள்ளே தன் மௌனத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது. கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் திருத்தலத்திற்குச் செவ்வாய்க்கிழமைதோறும் கிறிஸ்தவரும் சைவரும் பௌத்தரும் ஒரே மெழுகுதிரி வெளிச்சத்தில் வந்து நிற்கின்றனர். அங்கிருந்து சிறிது தூரத்தில், பொன்னம்பல முதலியார் எடுப்பித்து, பின்னர் அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரம் இருக்கிறது.

இவ்வளவும் கால் வலுவுள்ளவனுக்கும், கண் தெளிவுள்ளவனுக்கும், நெரிசலில் இடிபட்டாலும் நிலை குலையாத பிராயத்தவனுக்குமே வாய்க்கின்ற பாக்கியம் என்பதை, அத்தெருக்களில் ஒரு முதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற எவரும் அறிவர். பொதியேற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ‘வழி, வழி’ என்று வரும் நாட்டாமைமாரையும், நடைபாதையை மூடி விரிந்த சில்லறைக் கடைகளையும், மூடி பெயர்ந்த வடிகால்களையும் கடந்து ஆலய வாசலை அடைந்த பின்னரும், அங்கே மூன்று படிகளோ ஐந்து படிகளோ காத்திருக்கின்றன. தம் வயோதிகத் தாயாரைப் பிறந்த மண்ணுக்கு ஒரு தரம் அழைத்து வந்து காட்டவேண்டுமென்று ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்து, வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் தங்குகின்ற பிள்ளைகள், தாயார் முச்சக்கர வண்டியிலேயே வீற்றிருக்கத் தாங்கள் மாத்திரம் உள்ளே போய் அர்ச்சனை செய்வித்து வருவதும், நல்மனமுள்ள குருக்கள் ஒருவர் திருநீற்றுத் தட்டோடு வாசல் வரை இறங்கி வந்து அந்த அம்மையாருக்குப் பிரசாதம் கொடுத்துச் செல்வதும் காணாத காட்சிகளல்ல. குருக்களின் அன்பை மெச்சாதிருக்க முடியாது. ஆயினும், கடல் கடந்து வந்த ஒருவருக்குக் கடைசிப் பத்து அடி மறுக்கப்பட்டது என்ற உண்மை அத்திருநீற்றினால் மறைந்துவிடுவதில்லை.

இதனை ஒரு சமய விசாரமாக எழுதப் புகுவது சிலருக்கு விபரீதமாகத் தோன்றலாம். படியும் சாய்தளமும் மாநகர சபைக்கும் பொறியியலாளருக்கும் உரிய விஷயங்கள், ஆத்ம ஞானத்துக்கு அங்கே என்ன வேலை என்று அவர்கள் கேட்பார்கள். சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் ஒருவாறு செய்தே இருக்கிறது. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இலேயே இந்நாட்டில் நிறைவேறியது; பொது இடங்களுக்கு அவர்கள் தடையின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வெளிவந்தன. கிரிக்கெட் நடுவராகவும் இரசாயனவியலாளராகவும் விளங்கி, மரமொன்று தம் வாகனத்தின் மீது சாய்ந்ததனால் சக்கர நாற்காலியிலேயே எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க நேர்ந்த கலாநிதி அஜித் பெரேரா, அவ்விதிகள் ஏட்டளவில் உறங்குவதைப் பொறாமல் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2011 ஏப்ரலில் நீதிமன்றம், புதிதாக எழும் பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைந்தே தீரவேண்டுமென்று கட்டளையிட்டது. 2016 இல் வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதி செய்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேர், அதாவது பதினாறு இலட்சம் பேர், பார்வையிலோ செவியிலோ நடையிலோ நினைவிலோ ஏதேனும் ஒரு குறையோடு வாழ்பவர்கள். இத்தனை சட்டமும் இத்தனை மனிதரும் இருக்க, படி இருந்த இடத்திலேயே இருக்கிறதென்றால், அந்தப் படிக்கு நம் உள்ளத்தில் ஏதோ ஒரு நியாயம் குடியிருக்கிறதென்பதே பொருள். அந்த நியாயம் பெரும்பாலும் சமயத்தின் பாஷையிலேயே பேசுகிறது. ஆகையால் அதற்கு விடையும் சமயத்தின் பாஷையிலேயே கூறுதல் வேண்டும்.

முதலில், வருகின்றவன் யார் என்ற கேள்வி. உல்லாசப் பிரயாணத் துறையார் அவனை ஒரு வாடிக்கைக்காரனாக எண்ணிப் பழகியிருக்கிறார்கள். உலகச் சுற்றுலா நிறுவனம் 2016 ஆம் ஆண்டின் சுற்றுலா தினத்தை ‘எல்லோருக்கும் சுற்றுலா’ என்ற நோக்கத்துக்கே அர்ப்பணித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி பூமியில் ஆறு பேருக்கு ஒருவர், 130 கோடி மாந்தர், குறிப்பிடத்தக்க உடற்குறையோ மனக்குறையோ உடையவர்கள். இவர்களும் பணம் செலவழிப்பவர்கள், இவர்களில் ஒருவர் வந்தால் துணைக்கு இருவர் வருவர், ஆகையால் கதவைத் திறப்பது இலாபம் என்று சொல்லப்படுகிறது. சொல்வது உண்மைதான். ஆனால் இலாபத்தின் மேல் நிறுத்திய நியாயம், நாளைக்குக் கணக்கிலே நஷ்டம் தெரிந்தால் கதவை மூடிவிடவும் இடம் கொடுக்கும். நம் முன்னோர் விருந்தோம்பலை வியாபாரத்தோடு சேர்க்கவில்லை. வள்ளுவர் அதனை இல்லறத்தின் அங்கமாக வைத்தார். பெரிய புராணத்து இளையான்குடி மாறனார், மழை கொட்டும் நள்ளிரவில் அதிதியொருவர் வந்து நின்றபோது, வீட்டில் ஒரு மணி அரிசியும் இல்லாத நிலையிலும், ‘வசதியில்லை’ என்று கூறித் திருப்பி அனுப்பவில்லை. அன்று வயலில் விதைத்த நெல்லை இருளிலே வாரி வந்தார், விறகுக்குத் தம் வீட்டுக் கூரையின் கழிகளையே அறுத்துக் கொடுத்தார். அதிதியின் பொருட்டு வீட்டின் ஒரு பகுதியை மாற்றியமைப்பது, வீட்டுக்கு நேரும் சேதமென்று அவருக்குத் தோன்றவில்லை. புறக்கோட்டையில் இன்று மிகுதியாகக் கேட்கும் சொல்லோ, ‘வசதியில்லை’ என்பதே.

இனி, சமயத்தின் பெயரால் எழுகின்ற ஆட்சேபங்களிலே மிகவும் கௌரவமானது, யாத்திரை என்பது தவம், தவம் என்பது கஷ்டம், கஷ்டத்தை நீக்கினால் தவமும் நீங்கிவிடும் என்பது. இதனை அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. காவடி எடுப்பதும், அங்கப் பிரதட்சிணம் செய்வதும், கதிர்காமத்துக்கு வெறுங்காலோடு நடப்பதும் வெறும் பழக்கங்களல்ல. சரீரத்தை ஒரு காணிக்கையாக்கி வைக்கும் பெரிய சாதனங்கள். இக்கொள்கையின் உச்சமாக நம்மவர் எடுத்துக் காட்டுவது அப்பர் சுவாமிகளின் கைலை யாத்திரை. முதுமையின் எல்லையில், கால் தேய்ந்தபின் கையால் ஊர்ந்தும், கை தேய்ந்தபின் மார்பால் உந்தியும், அதுவும் இயலாதபோது உருண்டும் அவர் முன் சென்றார் என்று சேக்கிழார் பாடுகிறார். இக்கதையைக் கூறுகின்றவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். சேக்கிழார் நிற்கவில்லை. அந்தத் தேய்ந்த உடம்போடு கைலாச மலையை அப்பர் ஏறி முடிக்கவில்லை. ஏற இறைவன் விடவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு பணித்து, காவிரிக் கரையின் சமநிலத்திலே, மாட்டு வண்டி போகக்கூடிய ஓர் ஊரிலே, கைலைக் காட்சி முழுவதையும் அவருக்குக் காட்டியருளினார். உருண்டேனும் செல்வேன் என்பது அடியாரின் வைராக்கியம். அவர் உருண்டு வரட்டும் என்று பார்த்திருக்க ஆண்டவனுக்கு மனமில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். தவம் என்பது செய்கிறவன் தானே விரும்பி ஏற்பது. ஒருவன் விரும்பாமலே, வேறு வழியின்றி, மற்றொருவன் வைத்த கல்லின் முன் நின்று திரும்பிப் போவானாகில், அங்கே அவனுக்குப் புண்ணியமும் இல்லை, கல்லை வைத்தவனுக்குச் சமயப் பெருமையும் இல்லை.

பழனியைப் பாருங்கள். மலையடிவாரத்திலிருந்து 1966 முதல் விஞ்ச் என்னும் இழுவை ரயிலும், 2004 முதல் ரோப் காரும் பக்தர்களை ஏற்றிச் செல்கின்றன. அதனால் படியேறுகின்ற காவடிக்காரர் குறைந்து போனாரா? தைப்பூசத்தில் படிகள் நிரம்பி வழிகின்றன. அதே வேளையில், ஆயுளில் ஒரு தரமேனும் தண்டாயுதபாணியைக் காணமாட்டோமா என்று அடிவாரத்திலேயே கும்பிட்டுத் திரும்பிய கிழவிகள் இப்போது சந்நிதியிலே நிற்கிறார்கள். படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் இருப்பதனால் படியேறுகிறவனின் தவத்தில் அணுவளவும் குறைவதில்லை.

‘மனத்தினாலே வழிபடலாமே, பூசலார் நாயனார் மனத்துக்குள் கோயில் கட்டவில்லையா’ என்று வேறு சிலர் உபதேசிப்பர். பூசலார் அவ்வாறு கட்டினார். காடவர்கோன் கட்டிய கற்கோயிலின் பிரதிஷ்டையைத் தள்ளி வைக்கச் சொல்லி இறைவன் அவர் உள்ளத்துக்கே முதலில் எழுந்தருளினார். ஆனால் அந்த மார்க்கத்தைத் தனக்கென்று தானே தெரிந்துகொள்ளும் உரிமை பூசலாருக்கு உண்டு. தான் உள்ளே நின்று தீபாராதனை கண்டுகொண்டே, வெளியே நிற்பவனைப் பார்த்து அவ்வாறு கூறும் உரிமை எவருக்கும் இல்லை.

மிகக் கொடியது கர்ம நியாயம். முன்வினையால் வந்த ஊனம், அனுபவித்துத் தீர்க்க வேண்டியது, நாம் குறுக்கிடலாகாது என்று, நேரே சொல்லாவிட்டாலும், உள்ளூர எண்ணுகின்றவர் நம்மிடையே பலர். சைவ சித்தாந்தம் வினையை மறுப்பதன்று. ஆனால் அதே சித்தாந்தம், உடம்பும் கருவிகளும் உலகமும் அநுபவங்களும் ஆன்மாவுக்கு இறைவன் கருணையினால் கொடுத்தவை என்றும் கூறுகிறது. பார்வையற்ற கண்ணும் அவன் கொடுத்த கருவி, நடக்காத காலும் அவன் கொடுத்த கருவி என்றால், அவற்றோடு வருகின்றவனை இழிவாகக் காண்பது கொடுத்தவனையே இழிவு செய்வதாகும். இதற்கு மேல், திருஞானசம்பந்தரின் சரித்திரத்திலே இக்கேள்விக்கு நேரான விடையே இருக்கிறது. கொடிமாடச் செங்குன்றூரில், இன்று திருச்செங்கோடு என்று வழங்கும் தலத்தில், அவருடன் வந்த அடியார் கூட்டத்தைக் குளிர் சுரம் பற்றியது. அந்நாட்டின் இயல்பு அது, வினைப்பயன் அது, பொறுத்திருப்போம் என்று அவர் அமையவில்லை. வினையைக் காரணம் காட்டி வாளாவிருப்பதைக் கடிந்து, திருநீலகண்டப் பதிகத்தை அருளிச் செய்து, நோயை அந்நாட்டை விட்டே அகற்றினார். வினைக்கு எதிர் நின்று முயல்வதும் பக்தியின் ஒரு கூறு என்பதற்கு இதைவிடப் பெரிய பிரமாணம் நமக்குத் தேவையில்லை. ஞானசம்பந்தரைப் போற்றுகின்ற ஒரு சமூகம், ஊனமுற்றோர் விஷயத்தில் மாத்திரம் கர்மத்தின் பின்னால் ஒளிந்துகொள்வது பெரும் முரண்பாடு.

ஆனால் இப்பொருளிலே நம் சமய இலக்கியம் தரும் பெருஞ் செல்வம் திருவாரூர்த் தண்டியடிகளின் சரித்திரமே என்று நான் கருதுகிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அவர். திருவாரூர்க் கோயிலின் மேற்கே உள்ள திருக்குளம் தூர்ந்து சுருங்கிவருவதைக் கேட்டு, அதைத் தாமே தோண்டி அகலமாக்க வேண்டுமென்று துணிந்தார். எவ்வாறு செய்தார் என்பதையே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். குளத்தினுள்ளே ஒரு கோலும் கரையிலே ஒரு கோலும் நட்டு, இரண்டையும் ஒரு கயிற்றினால் இணைத்து, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டுவதும், அதையே தடவிக்கொண்டு ஏறி மண்ணைக் கொட்டுவதுமாக நாள்தோறும் உழைத்தார். சமயப் பூசலின் நிறம் ஏறிய கதை அது. அந்தப் பூசலை இன்று நாம் வளர்க்க வேண்டியதில்லை. ஆனால் அவரை வெறுத்தவர்கள் செய்த காரியத்தை மறந்துவிடவும் கூடாது. அவர்கள் அவரை அடிக்கவில்லை, ஊரை விட்டுத் துரத்தவுமில்லை. மண்வெட்டியையும் கூடையையும் பறித்துக்கொண்டு, அந்தக் கோலையும் கயிற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். அவ்வளவே போதுமானதாயிருந்தது. இறுதியில் அவருக்குக் கண் கிடைத்தது என்ற அற்புதத்தையே பிரசங்கிகள் விரித்துரைப்பர். எனக்கோ, கண் கிடைப்பதற்கு முன்னரே அவர் கயிறு கட்டிக்கொண்டார் என்பதுதான் நெஞ்சை விட்டகலாத செய்தியாக இருக்கிறது. பார்வை வரட்டும், பின்னர்த் திருப்பணி செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. பார்வையில்லாத ஒருவருக்கு ஒரு கயிறு இருந்தால் குளம் தோண்ட முடியும் என்பதை அன்றே மெய்ப்பித்தார்.

ஜப்பான் தேசத்திலே, செய்இச்சி மியாகே என்பவர், பார்வையற்றோர் பாதத்தினாலே உணர்ந்து வழி அறியும்படி மேற்பரப்பில் புடைப்புகள் கொண்ட ஓடுகளைக் கண்டுபிடித்து, 1967 இல் ஒக்கயாமா நகரத் தெருவொன்றில் முதன்முதலாகப் பதிப்பித்தார். இன்று உலகத்தின் பெருநகரங்களில் எல்லாம் மஞ்சள் கோடாக ஓடும் அவ்வோடுகள் தண்டியடிகளின் கயிற்றுக்கு உடன்பிறப்புகள். அப்படியானால், நடைபாதையின் மீது சரக்கைக் குவித்து, பொல்லுத் தட்டி வருகின்ற ஒருவனை வாகனங்களுக்கிடையே இறங்கச் செய்வது எதற்கு உடன்பிறப்பு என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும். இதைச் சொல்லும்போதே ஒரு தயக்கமும் உண்டாகிறது. நடைபாதையில் கடை விரிப்பவரும் ஏழையே. அந்த ஆறடி நிலமே அவர் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. ஓர் எளியவருக்கு வழிவிட மற்றோர் எளியவரைத் துரத்துவது தர்மமாகாது. அவருக்கு வேறிடம் கொடுக்கும் பொறுப்பு நகரத்தாரைச் சேர்ந்தது; அதுவரையில், நடைபாதையின் சுவரோரத்தில் ஒரு சக்கர நாற்காலி போகும் அகலத்தை ஒழித்து விடும்படி அவரைக் கேட்பது அநியாயமன்று.

பார்வையில்லாத பிரயாணிக்குப் புறக்கோட்டையில் என்ன இருக்கிறது என்று ஐயுறுவோரும் உளர். கண்ணுள்ளவனுக்கே தப்பிப் போகிற பல இங்கே அவனுக்குக் கிடைக்கும். நான்காம் குறுக்குத் தெருவில் மிளகாயும் மல்லியும் வெங்காயமும் மூட்டை மூட்டையாக இறங்கும் நெடியும், காபோஸ் ஒழுங்கையில் சுக்கும் திப்பிலியும் வேர்களும் கலந்த மருந்து வாசமும், செட்டியார் தெருவில் நாதசுரமும் மணியும், அதனோடு இழைந்து வரும் பாங்கொலியும் அவனுக்கு ஒரு முழுநகரத்தை உணர்த்திவிடும். அவனுக்கு வேண்டியது, கைப்பிடித்து விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒரு வழிகாட்டியும், தடுக்கி விழாத தரையும், வேலையோ திருவாசியையோ அளவில் சிறிதாக வார்த்து ‘தொட்டுப் பாருங்கள்’ என்று கையில் கொடுக்கும் பெருந்தன்மையுமே. காது கேளாதவருக்கும், இரைச்சலைத் தாங்காத பிள்ளையைக் கூட்டி வரும் தாய்க்கும், இவ்வாறே அவரவர்க்குரிய சிறு உபகாரங்கள் உண்டு.

ஆலயக் கதவுகள் குலத்தின் பெயரால் மூடிக் கிடந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939 இல். இந்நாட்டில் 1957 இலேயே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் 1968 இல் போராட வேண்டியிருந்தது. அந்தத் தடையையும் இந்தத் தடையையும் ஒன்றென்று நான் கூறமாட்டேன். அது அவமதிப்பினால் எழுந்தது. இது பெரும்பாலும் மறதியினால் எழுந்தது. எனினும் வெளியே நிற்கின்றவருக்கு இரண்டும் ஒரே கதவாகவே தோன்றும். அந்தப் போராட்டங்களில் நமக்குத் துணை நின்ற திருநாளைப்போவாரின் கதை, இந்த விஷயத்திலும் துணை நிற்கிறது. திருப்புன்கூரிலே, வெளியே நின்று காண ஏங்கிய அந்த அடியாருக்காக, நடுவே மறைத்த நந்தி விலகியது. அடியார் உள்ளே வரமுடியவில்லையானால் கல் நகரட்டும் என்பது அங்கே இறைவன் அளித்த தீர்ப்பு. சிற்ப சாஸ்திரத்தின்படி நிறுவிய நந்தியையே நகர்த்தலாமென்றால், எந்தக் கொத்தனாரோ எந்தச் சௌகரியத்துக்காகவோ வைத்த வாசற்படியை ஏன் நகர்த்தலாகாது?

செட்டியார் தெருவுக்கு இத்தீர்ப்பு புதியதுமன்று. ஆடி மாதத்தில் அங்கிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் செல்கின்ற வேல் விழா எவ்வாறு தோன்றியது என்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாந்திபேதியின் அச்சத்தினால் ஆங்கில அரசாங்கம் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்திய நாட்களில், 1874 ஆம் ஆண்டளவில், கதிர்காமத்துக்குப் போக முடியாமற்போன கொழும்பு நகரத்தார், கந்தனை இங்கேயே தேரேற்றி வீதியிலே வலம் வரச் செய்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. போக முடியாதவனிடத்துக்குத் தெய்வம் தானே வருகிறது என்ற தத்துவத்தின் மேலேயே அவ்விழா எழுந்து நிற்கிறது. உற்சவ மூர்த்தி என்ற ஏற்பாட்டின் தாத்பர்யமும் அதுவே: கருவறைக்கு வர இயலாத முதியவர், நோயாளி, பிள்ளை பெற்றவள், யாவரும் தத்தம் வாசலிலே தரிசனம் பெறும்படி, வருஷத்தில் சில நாளேனும் மூர்த்தி படியிறங்கி வருகிறார். அவர் இறங்கி வருகின்ற அந்த நாட்களை நாம் திருவிழா என்று கொண்டாடுகிறோம். எஞ்சிய நாட்களில், அவரிடம் ஏறிச் செல்ல ஒரு வழி செய்து வைக்க மறந்துவிடுகிறோம்.

ஆசாரத்தைக் காரணம் காட்டி, தெருவிலே உருண்ட சக்கரம் பிராகாரத்துக்குள் வரலாகாது என்று தடுப்பதும் உண்டு. சக்கரத்தைக் கழுவலாம், அல்லது கோயிலே இரண்டு நாற்காலிகளை வாங்கி உள்ளே வைத்து, வருகின்றவரை வாசலில் மாற்றி ஏற்றிக்கொள்ளலாம். இதற்கு ஆகமத்தைப் புரட்ட வேண்டியதில்லை. செயற்கைக் கால் பொருத்தியவரைப் பாதரட்சையைக் கழற்றுவதுபோல் அதையும் கழற்றச் சொல்லும் கொடுமை இனி எங்கும் நிகழலாகாது. 2009 இல் முடிந்த யுத்தத்திலே காலிழந்த நம்மவர் எத்தனை பேர், யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் பெற்ற காலோடு இன்று நடமாடுகிறார்கள் என்பதை நினைத்தால், அக்காலை அவர்களது அங்கமென்றே கொள்வதுதான் முறை என்பது எவருக்கும் விளங்கும்.

ஏனைய சமயத்தாருக்கும் அவரவர் வேதமே வழி காட்டியிருக்கிறது. பார்வையற்ற அப்துல்லா இப்னு உம்மு மக்தூம் என்பவர் போதனை நாடி வந்தபோது, ஊர்ப் பிரமுகரோடு பேசிக்கொண்டிருந்த நபிகள் நாயகம் முகம் சுளித்ததற்காக, திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே கண்டிப்போடு இறங்கியது. பிற்காலத்தில் அந்தப் பார்வையற்றவரே மதீனாவில் பாங்கு சொல்பவராக விளங்கினார். கப்பர்நாகூமிலே, நால்வர் சுமந்து வந்த திமிர்வாதக்காரனைக் கூட்டம் வாசலில் தடுத்தபோது, அவர்கள் கூரையைப் பிரித்து அவனை இயேசுநாதர் முன்னிலையில் இறக்கினார்கள். கூரையைப் பிரித்ததற்காக அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. இளையான்குடியிலும் கப்பர்நாகூமிலும் விட்டுக்கொடுத்தது கட்டடமே. கொச்சிக்கடையில் இக்கதைக்கு ஒரு தனிக் கனம் உண்டு. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிற்றுத் திருப்பலியின்போது அந்தோனியார் திருத்தலத்தில் வெடித்த குண்டு பலரைக் கொன்றது, பலரைக் காயப்படுத்தியது. இரண்டு மாதங்களுக்குள் ஆலயம் செப்பனிடப்பட்டுத் திறக்கப்பட்டது. அன்று உடல் சிதைந்து உயிர் தப்பியவர், தாம் முழந்தாளிட்டு நின்ற அதே பீடத்தின் முன்னே, பிறர் தூக்கிச் செல்லாமல், தாமாகவே திரும்பி வரக்கூடியவராக இருத்தல் வேண்டும்.

பழமையான கட்டடங்களைச் சிதைக்கலாகாது என்ற கவலை நியாயமானது. வுல்வெண்டாலின் பழஞ்சுவரையோ பொன்னம்பலவாணேசுவரத்தின் கருங்கல் வேலைப்பாட்டையோ உடைக்கும்படி எவரும் கேட்கவில்லை. இடம் குறுகியது என்ற சங்கடமும் உண்மையானது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. அரையடிப் படிகள் மூன்றுக்குப் பதினெட்டு அடி வேண்டும். செட்டியார் தெருவில் பதினெட்டு அடியைத் தெருப் பக்கம் நீட்டினால் வண்டி போகாது. ஆனால் முன்வாசல் இடம் கொடாத இடத்தில் பக்கவாசல் கொடுக்கலாம். அதுவும் கொடாவிடில், மடக்கி எடுத்து வைக்கும் பலகையும், அதை இட்டு உதவ ஒரு தொண்டரும் போதும். எங்கே எந்த வாசலில் வசதி உண்டு என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை எழுதி வைப்பதற்கு ஒரு நாட்செலவும் ஆகாது. கருவறையின் அளவுகளை ஆகமம் விதித்திருக்கிறது. அவற்றைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. நாம் கேட்பது வெளிவாசலிலிருந்து மகாமண்டபம் வரையுள்ள வழியை மாத்திரமே.

நம் ஆலயங்களுக்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் செய்யும் வழக்கம் உண்டு. அதற்கு முன்பு பாலஸ்தாபனம் செய்து, கோபுரத்துக்கு வர்ணம் தீட்டி, தரைக்குப் புதுக்கல் பதித்து, மண்டபத்தைப் பெருப்பித்துத் திருப்பணி நடக்கும். உள்ளூர் வர்த்தகரும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் தாராளமாகப் பொருள் கொடுப்பர். தர்மகர்த்தாக்களே, அடுத்த திருப்பணிக்கு மதிப்பீடு எழுதும்போது, வர்ணத்துக்கும் சிற்பத்துக்கும் எழுதுவதற்கு முன்பாக, வாசலுக்கு ஒரு சாய்தளமும், பிடித்து ஏற இருபுறமும் கைப்பிடியும், உள்ளே இரண்டு சக்கர நாற்காலிகளும் என்று எழுதுங்கள். எழுதிய பின்பு, நடக்க இயலாத ஒருவரையும் பார்வையில்லாத ஒருவரையும் அழைத்து, அவர்கள் சொல்கின்றபடி அந்த மதிப்பீட்டைத் திருத்துங்கள். பணம் கொடுக்கின்றவர்களும் இரசீது வாங்குவதற்கு முன், அந்த வரி அதில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துக் கொடுங்கள்.